அடுப்போரத்து எலிகள்

என் அண்ணனுக்கு நேர்ந்ததை எங்கள் குடும்பத்தில் ஒரு விதமாகத்தான் சொல்வார்கள். கொல்லிமலைத் தடத்தில் மயங்கி விழுந்தார், சென்னையில் மருந்து வேலை பார்க்கும் தம்பி அன்றைக்கு அங்கே இருந்ததால் உயிர் தப்பினார் என்பார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. அவர் ஏன் விழுந்தார் என்பது மட்டும் அதில் இருக்காது. மூன்று வருடம் நானும் அதைச் சொல்லாமலே இருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய காலம். இன்டர்மீடியட் தேறிவிட்டுச் சென்னையில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். என் பொறுப்பு எலி அறை. நூற்றுக்கு மேல் வெள்ளைச் சுண்டெலிகள் இருந்தன. தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, குட்டி போட்டதைப் பிரித்து வைப்பது எல்லாம் நான்தான்.

கப்பலில் வந்து இறங்கும் இன்சுலின் குப்பிகளின் வீரியத்தை அங்கே சோதித்தோம். முந்தின நாளே எலிகளின் தீனியை எடுத்துவிடுவோம். காலையில் பாதி எலிகளுக்கு வீரியம் தெரிந்த மருந்தும், மறு பாதிக்குச் சோதிக்க வேண்டிய மருந்தும் முதுகுத் தோலுக்கடியில் ஒரு துளி ஏற்றுவோம். பிறகு எல்லாவற்றையும் இரட்டைச் சுவர் வைத்த ஒரு தகரப் பெட்டியில் விடுவோம். அந்தச் சுவர்களுக்கு நடுவில் கால் மணிக்கு ஒரு தரம் வெந்நீர் மாற்றி ஊற்ற வேண்டும். அதுவும் என் வேலைதான். அரை மணி, முக்கால் மணி கழித்து எலிகளுக்கு வலிப்பு வரும். தலை பின்னால் வளையும், கால்கள் உதறும், உருண்டு உருண்டு போய்ச் சுவரில் முட்டும். உடனே சர்க்கரைத் தண்ணீரை ஊசியில் ஏற்றுவோம். சில நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும். எத்தனை எலிக்கு வலிப்பு வந்தது என்ற கணக்குத்தான் மருந்தின் பலம்.

எங்கள் மேலதிகாரி ஒரு டாக்டர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் எனக்கு விளக்கினார். "வயித்துக்குப் பின்னால கணையம்னு ஒரு சுரப்பி இருக்கு. ஒரு பக்கம் செரிக்கிறதுக்கான நீரைக் குடலுக்கு அனுப்புது. இன்னொரு பக்கம் இந்தப் புரதத்தை ரத்தத்துல விடுது. சாப்பிட்ட சாப்பாடு சர்க்கரையா ரத்தத்துல வருதே, அதைத் தசைக்குள்ள கொண்டுபோய்ச் சேர்க்கிறது இதுதான். இது அதிகமாப் போனா ரத்தத்துல சர்க்கரை தீர்ந்துடும். மூளைக்கு வேற தீனி கிடையாது. அதான் எலி துடிக்குது. மனுஷனுக்கும் அதேதான்."

கேட்டுக்கொண்டேன். வெந்நீர் எதற்கு என்று மட்டும் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வருடம் வாளி வாளியாக ஊற்றியிருக்கிறேன்.

என் அண்ணன் கொல்லிமலையில் பாரஸ்ட் கார்டு. எங்களுக்கு ஊர் அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சி. அவர் கல்யாணமானதும் மலைமேல் வாசலூர்பட்டிக்குப் பக்கத்தில் இலாகாவில் கொடுத்த ஓட்டு வீட்டில் குடியேறினார். முப்பத்திரண்டு வயதில் அவருக்கு நீரிழிவு வந்தது. தென்னைமரம் மாதிரி இருந்த ஆள் இரண்டு மாதத்தில் எலும்பும் தோலுமாகிவிட்டார். சேலத்தில் டாக்டர் பார்த்து, காலையில் இருபது யூனிட் இன்சுலின் என்று எழுதிக் கொடுத்தார். சிரிஞ்சில் இருபதாவது கோடு. ஊசி போடக் கற்றுக்கொண்டது என் நங்கை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எலுமிச்சம்பழத்தில் குத்திப் பழகி, ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரி போடக் கற்றுவிட்டார். மூத்திரத்தை நீல மருந்தில் விட்டுக் கொதிக்கவைத்துப் பார்ப்பதும் அவர்தான். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறினால் இருக்கிறது. செங்கல் நிறம் வந்தால் மோசம்.

குப்பிகளைச் சென்னையிலிருந்து நான்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் கார்த்திகை கடைசியில் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு வாரமாகச் செங்கல் நிறமாகவே வருகிறது, உடம்பு தளர்கிறது, மருந்து கெட்டுப்போய்விட்டதோ என்று எழுதியிருந்தார். அந்தக் குப்பி ஐப்பசியில் முள்ளுக்குறிச்சி வீட்டு ஓட்டுக்கடியில் பத்து நாள் வெக்கையில் கிடந்து, அப்புறம்தான் மலையேறியிருந்தது. அதனால் எனக்கும் அதே சந்தேகம். அடுத்த சரக்கு கப்பலில் வர மூன்று வாரம் ஆகும்.

டாக்டரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. எனக்கே எல்லாம் தெரியும் என்று இருந்தது. ஊரில் என்னை "மருந்துக்காரர்" என்பார்கள். எலிக்கூண்டு கழுவுகிறவன் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டு எலிகளை இரண்டு மரப்பெட்டிகளில் போட்டு, யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு ரயிலேறினேன்.

முள்ளுக்குறிச்சியிலிருந்து மலையேறி மேலே சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. மார்கழி பிறந்திருந்தது. வெயிலே இல்லை. பனிமூட்டம் சோளக்கொல்லை மாதிரி அடர்ந்து நின்றது. அண்ணன் தடத்தின் தலைப்பில் வந்து காத்திருந்தார். இடது காலை ஊன்றாமல் நொண்டி நொண்டி நடந்தார்.

"காலுல என்னங்கண்ணா?"

"முள்ளு குத்திருச்சு கண்ணு. பதினஞ்சு நாளாச்சு. அது கெடக்குது, வா."

குதிகாலில் துணி சுற்றியிருந்தது. நான் அதை அவிழ்த்துப் பார்க்கவில்லை. என் கையில் எலிப்பெட்டி இருந்தது. அது ஆடாமல் போக வேண்டுமே என்பதில்தான் கவனமெல்லாம்.

அடுத்த நாள் காலையில் முன்னறையில் சோதனையைத் தொடங்கினேன். முதல் பெட்டியில் இருந்த ஆறு எலிக்கும் அண்ணனின் குப்பியிலிருந்து மருந்தைக் கலக்கி ஏற்றினேன். வீரியம் தெரிந்த மருந்து என்னிடம் இல்லை. அதனால் ஒப்பிட்டுப் பார்க்கும் பாதியை விட்டுவிட்டேன். வெந்நீர்ப் பெட்டியும் இல்லை. அது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றவில்லை. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நங்கை அடுக்களை வாசலில் நின்றார்.

"இதைக் குடிக்கிற மாதிரி குடுத்தா என்ன? எதுக்கு தெனமும் குத்தறது?" என்று அண்ணன் கேட்டார்.

"வயித்துக்குள்ள போனா பருப்பு மாதிரி செரிச்சுப் போயிருமுங்க. இதும் ஒரு புரதம்தான்" என்றேன். சொல்லும்போது நங்கையும் கேட்கிறாரா என்று பார்த்துக்கொண்டேன்.

ஒன்றரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு எலிக்கும் வலிப்பு வரவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சோர்ந்து கிடந்தன. தொட்டால் சில்லென்று இருந்தன. அதில் இரண்டு எலி செத்தும் போயின. வழியில் பட்ட அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் இரண்டாவது பெட்டி. இந்த முறை இரண்டு மடங்கு ஏற்றினேன். ஒரு மணி நேரம் ஆகியும் அதே சோர்வு. வலிப்பு இல்லை. இனி சந்தேகமே இல்லை, மருந்து செத்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டு ஓடைக்குக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது நங்கை வாசலிலேயே நின்றிருந்தார்.

"தம்பி, அந்த எலிங்க வெறைச்சுக் கெடந்துச்சுங்க. பாவமா இருந்துச்சுன்னு பொட்டியத் தூக்கி அடுப்போரமா வெச்சனுங்க. செத்த நேரத்துல நாலு எலி வெட்டி வெட்டி இழுக்குதுங்க. தலை அப்படியே பின்னால போயி உருளுதுங்க. நான் பயந்துட்டு மறுக்காவும் இங்கயே கொண்டாந்து வெச்சுட்டேன்."

பெட்டியை எட்டிப் பார்த்தேன். இரண்டு எலி செத்துக் கிடந்தன. மற்றவை கால் நீட்டிப் படுத்திருந்தன. எனக்குக் கோபம்தான் வந்தது, சோதனையைக் கெடுத்துவிட்டாரே என்று.

"அடுப்புச் சூட்டுலயும் பொகையிலயும் வெச்சா எலி துடிக்காம என்ன பண்ணுமுங்க? இனிமே தொடாதீங்க" என்றேன்.

"சூட்டுக்கு இப்படியுங்களா இழுக்கும்?" என்று நங்கை மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாதுங்க நங்கை. நான் தெனமும் பாக்கறவன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தினமும் பார்க்கிறவன் என்பது உண்மை. நங்கை சொன்னதும் நான் தினமும் பார்க்கிற அதே வலிப்புத்தான். தலை பின்னால் வளைவது, உருள்வது, ஒன்று விடாமல் சொன்னார்.

அண்ணனிடம் மருந்தின் வீரியம் பாதிக்கு மேல் போய்விட்டது என்றேன். புதுக் குப்பி வரும்வரை இருபதுக்குப் பதில் நாற்பது கோடு போட வேண்டும் என்றேன். நங்கையிடம் சிரிஞ்சைக் காட்டி, எந்தக் கோடு என்று விரலை வைத்துச் சொன்னேன். அவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுங்களா தம்பி?"

"இவ்வளவேதானுங்க."

முதல் நாள் மாலையே நீல மருந்து பச்சையோடு நின்றுவிட்டது. இரண்டாம் நாள் நீலம். அண்ணன் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். "எந்தம்பி மருந்துக்காரன்தான்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதே நாளில் அவர் குதிகாலில் நங்கை வைத்துக் கட்டிய மஞ்சளும் வேப்பிலையும் வேலை செய்து, சீழ் உடைந்து, முள்ளின் நுனி வெளியே வந்திருந்தது. வலி விட்டது. நொண்டாமல் நடந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் அவருக்கு வேர்த்துக் கொட்டியது, அந்தக் குளிரிலும். சோறு போட நேரமானதற்கு நங்கையிடம் கத்தினார். அவர் கத்துகிற ஆள் இல்லை. சாப்பிட்டதும் சரியாகிவிட்டார். அதையும் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

நாலாம் நாள் காலையில் நங்கை நாற்பது கோடு ஏற்றிப் போட்டார். கால் சரியாகிவிட்டதால் அண்ணன் கேழ்வரகுக் களியில் பாதியை வைத்துவிட்டு, மூன்று வாரமாகப் பார்க்காத காட்டைப் பார்த்துவர வேண்டும் என்று புளியஞ்சோலைக்கு இறங்கும் தடத்தில் கிளம்பிப் போனார்.

வெயில் ஏறும் நேரத்தில் மலைக்காரர் ஒருவர் ஓடி வந்தார். எங்கள் வீட்டுக்குக் கீழே சாமை போட்டிருப்பவர், தேன் எடுக்கிறவர்.

"சாமி, கார்டு அய்யா தடத்துல உழுந்து கெடக்கறாருங்க. காக்கா வலிப்பு மாதிரி இழுக்குதுங்க."

நானும் நங்கையும் ஓடினோம். கால் மணி நேரத் தூரம். பாறை இடுக்கில் அண்ணன் மல்லாந்து கிடந்தார். நெற்றி கிழிந்து ரத்தம் காதுவரை வழிந்திருந்தது. தலை பின்னால் வளைந்திருந்தது. கைகால்கள் உதறின. ஒரு கணம் அடங்கும், மறுபடி உதறும்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இதை நூறு தரம் பார்த்திருக்கிறேன். தெரிந்தும் கால் நகரவில்லை. நங்கை அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

"தேனு இருக்குதுங்களா?" என்று மலைக்காரரைக் கேட்டேன்.

அவர் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டியிருந்தார். தேனை விரலில் தொட்டு அண்ணனின் கன்னத்துக்குள் தடவினேன். பல் கிட்டியிருந்தது. விரலை இரண்டு இடத்தில் கடித்துவிட்டார். தடவிக்கொண்டே இருந்தேன். ஊசியில் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினால் எலி ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடும். அண்ணனுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாங்கள் வருவதற்கு முன் எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் உதறல் நின்று கண்ணைத் திறந்தார். ஆனால் எங்களில் யாரையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

தொட்டில் கட்டி வீட்டுக்குத் தூக்கி வந்தோம். சுற்று வட்டாரத்து மலைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். தேன்காரர் ஒவ்வொருவரிடமும் சொன்னார்: "தம்பி மட்டும் இல்லேன்னா போயிருப்பாருங்க. தேனக் கேட்டு வாங்கித் தடவுனாரு பாருங்க, நான் வெலவெலத்துப் போயிட்டேன்."

நான் மறுத்துப் பேசவில்லை.

அன்று மாலை நங்கை என்னிடம் வந்தார். கேட்கத் தயங்கிவிட்டுக் கேட்டார். "தம்பி, அந்த எலிங்களுக்கு இழுத்த மாதிரியேதானுங்க இவருக்கும் இழுத்துச்சு."

"இல்லீங்க. இது வேற. கீழ உழுந்ததுல தலையில அடி. அதனாலதான்."

"அப்ப ஊசி?"

"ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. ஆனாலும் நாளையிலிருந்து பழையபடி இருபது கோடே போடுங்க."

சம்பந்தமில்லை என்றால் எதற்குக் குறைக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. சரிங்க என்று மட்டும் சொன்னார்.

விழுந்ததிலிருந்து மூன்றாம் நாள் அண்ணனுக்கு எங்களை அடையாளம் தெரிந்தது. பேச்சும் வந்தது. ஆனால் வார்த்தைகள் கைக்கெட்டாத உயரத்தில் இருப்பது போலத் தேடித் தேடி எடுத்தார். தண்ணி என்பதற்குக் கட்டை என்பார். தப்பு என்று தெரிந்து தலையை ஆட்டிக்கொள்வார். வலது கையில் பேனா நிற்கவில்லை. அன்றாடம் காட்டில் பார்த்ததை எழுதி வைக்கும் புத்தகத்தில் அவர் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். லீவு முடிந்து நான் அவரை அப்படியே விட்டுவிட்டுத்தான் மலையிறங்கினேன்.

சென்னைக்கு வந்ததும் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எலிகளை எடுத்துப் போனதையும் சொன்னேன். அவர் அதற்குத் திட்டவில்லை. இரண்டு கேள்விதான் கேட்டார்.

"அந்த ரூம்ல என்ன சூடு இருந்தது?"

"குளிருங்க சார். மார்கழி."

"குளிர்ல எலிக்கு வலிப்பு வராது. உடம்பு ஆறிப்போய் அப்படியே சுருண்டு படுத்துடும். மருந்து வேலை செஞ்சிருந்தாலும் வெளியில தெரியாது. பின்னே எதுக்கு நீ வெந்நீர் ஊத்திக்கிட்டிருக்கேன்னு நினைச்சே?"

அடுத்ததையும் அவரே கேட்டார்.

"அவருக்குக் காய்ச்சலோ புண்ணோ ஏதாவது இருந்ததா?"

"குதிகால்ல முள்ளு குத்தி சீழ் பிடிச்சிருந்துச்சு சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சீழ் இருந்தா சர்க்கரை ஏறும். சீழ் வெளியே போனா இறங்கும். மருந்து நல்லாத்தான் இருந்திருக்கு."

எலி அறைக்குத் திரும்பிப் போனேன். அன்றைக்கும் ஒரு சோதனை இருந்தது. வெந்நீர் ஊற்றினேன்.

ஆறு மாதத்தில் அண்ணனின் வேலை போயிற்று. எழுத முடியாத கார்டை வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். நங்கையும் அவரும் முள்ளுக்குறிச்சிக்கு இறங்கி வந்து எங்கள் பழைய வீட்டில் இருந்தார்கள். நான் வருடத்துக்கு இரண்டு முறை குப்பிகளோடு போவேன். உறவினர் யாராவது இருந்தால் அந்தத் தேன் கதையைச் சொல்வார்கள். அண்ணனும் என் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவார். நான் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவேன். ஒவ்வொரு முறையும் ரயிலில் வரும்போது இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று வருவேன். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது, அவர் கை திரும்பவா போகிறது என்று திரும்பிப் போவேன்.

மூன்றாவது வருடம் ஆடியில் போயிருந்தேன். யுத்தம் தொடங்கியிருந்தது. காலையில் நங்கை எனக்கும் அண்ணனுக்கும் பலகாரம் வைத்தார். அவர் உட்காரவில்லை. நீங்களும் சாப்பிடுங்க என்றேன்.

"அவ... மத்தியானந்தான் திம்பா" என்றார் அண்ணன், ஒவ்வொரு சொல்லாக. "மலையில... இருந்து வந்ததுல இருந்து."

அண்ணன் தோட்டத்துக்குப் போனதும் நங்கை அவரைக்காய் ஆய உட்கார்ந்தார். எதுக்குங்க காலையில சாப்பிடறதில்லை என்று கேட்டேன். முதலில் சும்மா என்றார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்.

"வேண்டுதலுங்க தம்பி. அன்னைக்கு எலி துள்ளுனத என் கண்ணால பாத்தனுங்க. பாத்துட்டும், அந்த மருந்தையே நாப்பது கோடு ஏத்தி அவரு ஒடம்புல குத்துனனுங்க. நீங்க தலையில அடிபட்டதுன்னு சொன்னீங்க. எம்மனசு அப்படிச் சொல்லல. ஏதோ நான்தான் அதிகமாப் போட்டுட்டேனாட்ட இருக்குது, கோட்டத் தப்பாப் பாத்துட்டேனாட்ட இருக்குது. படிக்காத கையுங்க. காலையில ஊசியத் தொட்டா இன்னும் நடுங்குது. பேருக்கு ஒரு வேளைச் சோத்தையாச்சும் விட்டுருக்கேன், அவரு நல்லா இருக்கட்டும்னு."

மூன்று வருடமாக என் தப்பை நான் மட்டும் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் இருப்பதால் யாருக்கும் ஒன்றும் இல்லை, எனக்குத்தான் வலி என்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அந்தப் பாரத்தை ஒவ்வொரு காலையும் வெறும் வயிற்றோடு தூக்கிக்கொண்டிருந்தது அவர்.

சொன்னேன். வெந்நீர்ப் பெட்டி எதற்கு என்பதிலிருந்து டாக்டர் கேட்ட இரண்டு கேள்விவரை எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க கோட்டச் சரியாத்தான் பாத்தீங்க நங்கை. நான் சொன்ன கோடுதான் தப்பு. அடுப்போரமா நீங்க பாத்ததுதான் நெசமான சோதனை. நான்தான் கேக்கல" என்றேன். அண்ணன் விழுந்த அன்றே எனக்குத் தெரியும், தெரிந்துதான் பொய் சொன்னேன் என்றும் சொன்னேன்.

நங்கையின் கை நின்றுவிட்டது. ஆய்ந்துகொண்டிருந்த காயை முறத்தில் வைத்தார். அழவில்லை.

"மூணு வருசமுங்க தம்பி" என்றார்.

மன்னிச்சுக்குங்க என்ற சொல்லைத் தொண்டைவரை கொண்டுவந்தேன். அதைச் சொல்ல எனக்கு வாய் கூசியது.

"அவருகிட்டப் போயி நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி காயை எடுத்தார்.

அண்ணன் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அவருக்கு வேகமாகச் சொன்னால் பிடிபடாது. நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் ஒவ்வொரு தப்பும் தனித்தனியாக வெளியே வந்தது. நான் முடித்ததும் கேட்டார்.

"மத்த... எலிங்க?"

நான் எதிர்பார்த்த கேள்வி அது இல்லை. "செத்துப் போச்சுங்கண்ணா. உங்களப் பாத்துக்கிட்டிருந்ததுல தீனி வெக்க மறந்துட்டேன்."

"பாவம்" என்றார். பிறகு, "நீ வேணும்னு செய்யல" என்றார்.

"வேணும்னு செய்யலீங்க. ஆனா நங்கை சொன்னதக் கேக்கல."

"அதான்" என்றார். கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டே மறுபடியும், "அதான்" என்றார்.

அதன்பிறகு அவர் என்னிடம் முன்பு போலவே இருந்தார். என் கையைப் பிடித்துக்கொள்வதை மட்டும் விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் நங்கை சிரிஞ்சையும் குப்பியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இங்க இருக்கற வரைக்கும் நீங்க போடுங்க தம்பி. எனக்கு நாலு நாளைக்கு இது வேண்டாம்." எத்தனையோ ஆயிரம் எலிகளுக்கு ஊசி போட்ட கை. அண்ணனின் தொடையில் குத்த இரண்டு தரம் ஓங்கி நிறுத்தினேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நங்கை அது முடியும்வரை கொல்லைப்புறத்தில் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

லீவு முடியும் நாளில் அவரிடம் கேட்டேன். "இனி காலையில சாப்பிடலாமில்லீங்களா நங்கை? உங்க மேல தப்பில்லைன்னு தெரிஞ்சுபோச்சுல்ல."

"சாமிகிட்டச் சொன்னது சொன்னதுதானுங்க. நீங்க வந்து சொன்னீங்கன்னு நிறுத்த முடியுங்களா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் பஸ்ஸில் சாப்பிடக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டே சொன்னார்.

யுத்தம் முற்றிய வருடங்களில் கப்பல் சரியாக வரவில்லை. சென்னையில் எத்தனையோ பேரைப் பார்த்துக் கெஞ்சிக் குப்பிகள் சேர்த்து அனுப்பினேன். சில மாதம் கிடைத்தது, சில மாதம் கிடைக்கவில்லை. கிடைக்காத ஒரு மாசியில் அண்ணன் இறந்தார். அதற்கு என்னைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்று நங்கையே கடிதம் எழுதச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது. மருந்து இருந்த வரைக்கும் ஊசி நானேதான் போட்டேன், கை நடுங்கவில்லை என்று.

அந்த வரியை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் அவர் எழுதச் சொல்லியிருப்பார். என்னால் முடிந்ததில்லை.